பிளாஸ்டிக் வீரர்களுக்குப் புது உருவம்: வாசகர் கேள்வி–பதில்

மேசைமேல் ஆடும் கற்பனைப் போர் விளையாட்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான அறிமுகக் கட்டுரையைப் படித்துவிட்டுச் சேலம் மாவட்டத்திலிருந்து எழுதியவர்களில் பலர், பெட்டியில் வரும் பிளாஸ்டிக் வீரர்களை அப்படியே ஒட்டி வைப்பதில் மனம் நிறையவில்லை என்றும், தங்களுக்கே உரிய ஒரு படையை உருவாக்க வழி சொல்ல வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். ஓர் உருவத்தை வெட்டித் திருத்துவதைக் கன்வர்ஷன் என்றும், பல பெட்டிகளின் உறுப்புகளைக் கலந்து புதிய உருவம் கட்டுவதைக் கிட்பாஷ் என்றும் ஆட்டக்காரர்கள் சொல்கிறார்கள். இம்முறை பதில்கள் அனைத்தும் இவ்விரண்டைப் பற்றியவையே.

கேள்வி: நானும் என் தம்பியும் கொல்லிமலை ஓரியின் வில்லாளர்களை மனத்தில் வைத்து ஒரு கற்பனைப் படை அமைக்க விரும்புகிறோம். கிடைக்கிற பெட்டிகளிலோ ஐரோப்பியக் கவசம் பூண்ட வீரர்களே இருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? சேலத்து முனியப்பன் சிலைகளைப் போன்ற ஒரு பேருருவத்தையும் படையில் சேர்க்கலாமா?
— கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி

பதில்: மேசையின் மறுபக்கத்தில் நிற்பவர் எந்த அடையாளங்களைக் கொண்டு இது ஓரியின் படை என்று கண்டுகொள்ள வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். அவற்றில் மூன்றுக்கு மேல் வேண்டாம். நானாக இருந்தால் ஆள் உயர வில், பக்கவாட்டில் முடிந்த குடுமி, தொடையோடு இறுக்கிக் கட்டிய கச்சை ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுப்பேன். ஒருவனுக்குப் புலித்தோல், ஒருவனுக்கு மயிற்பீலி, இன்னொருவனுக்குக் கேடயம் என்று ஆளுக்கொரு அலங்காரம் செய்துகொண்டே போனால், தனித்தனியாக எடுத்துப் பார்க்கும்போது அழகாக இருக்கும் உருவங்கள், வரிசையில் நிறுத்தியதும் ஒன்றோடொன்று சேராமல் போய்விடும். சிறிய மாற்றமே ஆனாலும் இருபது பேரிடமும் அது திரும்பத் திரும்ப வர வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்லக்கூடியவற்றில் இதையே மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

அடுத்தது உடலைத் தேர்வது. கவசம் பூண்ட மார்பை அரத்தால் தேய்த்து வெற்றுடம்பாக்க முயலாதீர்கள். உழைப்பு மிகுதி, தேய்த்த பிறகு மார்பு தட்டையாகவே தெரியும். கற்பனைப் படைகளில் வெற்றுடம்போடு வரும் காட்டு வீரர்களின் பெட்டிகள் பல நிறுவனங்களிடம் உண்டு. உடலை அங்கிருந்தும் வில் பிடித்த கைகளை வில்லாளர் பெட்டியிலிருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு பெட்டிகளிலும் வீரனின் உயர அளவு 28 மில்லிமீட்டர் என்று சொல்லப்பட்டிருந்தாலும் இரண்டும் பொருந்தும் என்று நம்பிவிடக் கூடாது. கேம்ஸ் ஒர்க்‌ஷாப் போன்ற கற்பனை விளையாட்டு நிறுவனங்களின் உருவங்களில் தலையும் கைகளும் ஆயுதமும் வேண்டுமென்றே பெரிதாக்கப்பட்டிருக்கும். பெர்ரி, விக்ட்ரிக்ஸ் போன்ற வரலாற்றுப் படை நிறுவனங்களின் உருவங்களோ மனித உடலின் இயல்பான அளவுக்கு நெருங்கி மெலிந்திருக்கும். ஒன்றின் தலையை மற்றொன்றின் தோளில் வைத்தால் கண் உடனே பிழையைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே ஒரே ஒரு உருவத்தை மட்டும், பசை இல்லாமல், சுவரில் படம் ஒட்டப் பயன்படும் மென்மையான ஒட்டுக்களிமண்ணால் பொருத்திப் பார்த்துவிட்டுப் பிறகு மற்றவற்றில் கை வையுங்கள்.

வில்லாளர் பெட்டிகளில் வில் பிடித்த கையும் நாண் இழுக்கும் கையும் பெரும்பாலும் இணையாகவே வார்க்கப்பட்டிருக்கும். உறுப்புகள் இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டும்போதே இரண்டையும் சேர்த்துக் கட்டி வையுங்கள். மாறிப்போனால் அம்பு ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் நோக்கி நிற்கும். தலையை மாற்றும்போது மோவாய்க்குக் கீழே, தாடையின் சாய்வை ஒட்டி வெட்ட வேண்டும். கழுத்துக் குழியைக் கத்தி நுனியால் சிறிது கிண்ணமாகக் குடைந்து அதில் மிளகில் பாதி அளவு எபாக்சி பட்டியை (பிசைந்து வைத்தால் இறுகிவிடும் களிமண் போன்ற பொருள்) வைத்துத் தலையை அமிழ்த்தினால் எந்தப் பக்கமும் திருப்பிக்கொள்ளலாம். தலை எப்போதும் அம்பு போகும் திசையைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு திருத்தம் மட்டுமே பல உருவங்களுக்கு உயிர் கொடுத்துவிடும்.

குடுமியும் கச்சையும் பட்டியால் செய்ய வேண்டியவை. கிரீன் ஸ்டஃப் என்று விற்கப்படும் பட்டியில் மஞ்சள், நீலம் என இரண்டு பட்டைகள் இருக்கும். இரண்டையும் சம அளவில் எடுத்து, கோடுகள் மறைந்து ஒரே பச்சையாகும் வரை பிசைந்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் வளைந்து கொடுக்கும். முழுவதும் இறுகுவதற்கு ஒரு நாள் ஆகும். நீலம் சற்று மிகுந்தால் கடினமாகவும் மஞ்சள் மிகுந்தால் நெகிழ்வாகவும் அமையும் என்பதால், துணிக்கு மஞ்சளையும் ஆயுதத்துக்கு நீலத்தையும் சிறிது கூட்டிக்கொள்ளலாம். இரண்டு பட்டைகளும் ஒட்டிய நிலையில் வாங்கியிருந்தால், நடுவே அவை தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய கீற்றை வெட்டி எறிந்துவிடுங்கள்; அங்கு ஏற்கெனவே இறுகிய துகள்கள் இருக்கும். கச்சைக்கு, வாசலின் தடவிய டைல்ஸ் மேல் பட்டியைத் தாளைப் போல் மெல்லியதாக உருட்டி, அரை மணி நேரம் ஆறவிட்டு, பட்டையாக அறுத்து இடுப்பில் சுற்றுங்கள். உடனே சுற்றினால் பிய்ந்துவிடும். மடிப்புகளை ஊசியின் பக்கவாட்டால் அழுத்தி எடுக்க வேண்டும். ஊசி ஒட்டாமல் இருக்க அவ்வப்போது தண்ணீரில் தோய்த்துக்கொள்ளலாம். துணி எந்த இடத்தில் இழுபட்டு நிற்கிறதோ அந்த இடத்திலிருந்துதான் மடிப்பு கிளம்பும் என்பதை வீட்டில் ஒரு வேட்டியைக் கட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

தலைவன் உருவத்துக்கு உழைப்பைத் தாராளமாகச் செலவிடுங்கள். ஓரி விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவிப் போய்ப் புற்றிலிருந்த உடும்பில் தைத்தது என்று சங்கப் பாடல் கூறுகிறது. ஐந்து விலங்குகளையும் உருவம் நிற்கும் பீடத்தில் நெருக்க வேண்டியதில்லை. கறையான் புற்றும் அதில் அம்பு தைத்த உடும்பும் போதும். பாட்டை அறிந்தவர்களுக்கு மற்ற நான்கும் தெரிந்துவிடும். ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர் என்பதால் அவனைக் குதிரையோடு அமைப்பதும் பொருத்தமே.

பேருருவத்தைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன். வழிபாட்டில் இருக்கும் தெய்வத்தையே, அடிபட்டு மேசையிலிருந்து நீக்கப்படும் ஒரு காயாக வைப்பதை நான் விரும்பவில்லை. முனியப்பனின் முறுக்கு மீசை, உருட்டி விழிக்கும் கண், தோளில் சாய்த்த அரிவாள் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு, மலை காக்கும் ஒரு பூதம் என்று பெயரிடுங்கள். 40 மில்லிமீட்டர் பீடத்தில் நிற்கும் ஓகர் எனப்படும் அரக்க வகை உருவங்கள் இதற்கு ஏற்றவை. அரிவாளை அரை மில்லிமீட்டர் பாலிஸ்டைரீன் தகட்டில் வரைந்து வெட்டி, வெட்டுவாய்ப் பக்கத்தை மட்டும் அரத்தால் சாய்த்துத் தேயுங்கள். மீசையைப் பட்டியால் இரண்டு கூம்புகளாக உருட்டி மூக்கின் கீழ் வைத்து, நுனியை மேல்நோக்கி வளைத்துவிட வேண்டும்.

கேள்வி: எங்களுடையது வெள்ளிக் கொலுசுப் பட்டறை. அங்குள்ள கருவிகள் இந்த வேலைக்கு உதவுமா? எந்த இடத்தில் எந்தப் பசையைப் பயன்படுத்துவது?
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: மற்ற ஊர்க்காரர்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் கருவிகளில் பாதி உங்கள் பட்டறையிலேயே இருக்கின்றன. மெல்லிய ஊசி அரங்கள், நகைவேலை வாள், விரலால் சுழற்றும் சிறிய கைத்துரப்பணம், நுனி கூர்ந்த குறடு ஆகிய அனைத்தும் பயன்படும். ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: வெள்ளி தேய்த்த அரத்தைத் துடைக்காமல் பிளாஸ்டிக்கில் வைத்தால் கரிய கோடுகள் விழும், பிளாஸ்டிக் தேய்த்த அரத்தின் பற்களோ தூளால் அடைத்துக்கொள்ளும். ஆகவே பழைய அரங்களில் ஒரு தொகுதியை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். வாளால் அறுக்கும்போது அவசரம் கூடாது; வேகமாக இழுத்தால் உராய்வுச் சூட்டில் பிளாஸ்டிக் உருகி வாளைப் பற்றிக்கொள்ளும்.

பசை விஷயத்தில் பொருள் என்ன என்பதுதான் முடிவு செய்கிறது. பெட்டி வீரர்கள் பெரும்பாலும் பாலிஸ்டைரீனால் ஆனவர்கள். பிளாஸ்டிக் சிமென்ட் என்பது உண்மையில் ஒரு கரைப்பான். அது இரு பரப்புகளையும் கரைத்து, ஆவியாகிப் போனபின் இரண்டையும் ஒரே பிளாஸ்டிக்காக்கிவிடும். அதனால்தான் அந்த இணைப்பு மிக வலுவானது. ஆனால் இடையே வண்ணம் இருந்தால் அது வேலை செய்யாது. ஒட்டும் இடத்தில் இரு பக்கமும் வண்ணத்தைச் சுரண்டிவிட வேண்டும். சட்டத்தின் மீதித் துண்டுகளைச் சிறிதாக நறுக்கி அதே சிமென்டில் ஒரு நாள் ஊறவைத்தால் கிடைக்கும் குழம்பு, இணைப்பின் இடைவெளியை அடைக்க மிக நல்லது.

உலோகம், ரெசின், கொலுசுச் சங்கிலித் துண்டு ஆகியவற்றை ஒட்ட ஃபெவிக்விக் வகைப் பசைதான் வேண்டும். அது இறுகினாலும் அதிர்ச்சி தாங்காது என்பதால் கணுக்கால், மணிக்கட்டு, இறக்கை ஆகிய இடங்களில் கம்பி செருகுங்கள். ஒரு பக்கத்தில் 1 மில்லிமீட்டர் துளையிட்டு, அதன் விளிம்பில் பொட்டளவு ஈர வண்ணம் வைத்து, மறுபக்கத்தைச் சரியான நிலையில் அழுத்தி எடுத்தால் அங்கும் புள்ளி விழும். அந்தப் புள்ளியில் துளையிட்டால் கம்பி நேராக அமையும். பித்தளைக் கம்பி போதும். வெள்ளியை வீணாக்க வேண்டாம். மேலே அஸ்தம்பட்டி மாணவர் கேட்ட ஆள் உயர வில்லுக்கும், பிளாஸ்டிக் வில்லின் இரு நுனிகளையும் வெட்டிவிட்டு இதே வகையில் அரை மில்லிமீட்டர் கம்பியைச் செருகி நீட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: மழைக்காலத்திலும் மார்கழியிலும் நான் பிசைந்த பட்டி மறுநாளும் மெத்தென்றே இருக்கிறது. ஸ்ப்ரே பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தால் வெண்மை படர்ந்து சொரசொரப்பாகிறது. எங்கள் காப்பித் தோட்டத்துப் பொருட்களைப் பீடத்துக்குப் பயன்படுத்தலாமா?
— வாசகி, ஏற்காடு

பதில்: அம்மா, இரண்டு தொல்லைகளுக்கும் உங்கள் மலையின் குளிரும் ஈரமுமே காரணம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும் ஊரில், பெட்டியில் அச்சிட்ட நேரக் கணக்கு அப்படியே பொருந்தாது. எபாக்சி இறுகுவது ஒரு வேதிவினை. குளிரில் அது மெதுவாகும், வெப்பத்தில் விரைவாகும். ஓர் அட்டைப் பெட்டிக்குள் உருவத்தை வைத்து, பழைய குண்டு பல்பு பொருத்திய மேசை விளக்கை ஒரு சாண் தள்ளி ஒளிரவிட்டால் போதும். விளக்கை அட்டையில் படாமல் வையுங்கள், அறையை விட்டு வெளியே செல்லும்போது அணைத்துவிடுங்கள். உருவத்தைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கலாம், சுடக் கூடாது. சேலத்தில் இருப்பவர்களுக்கு இதன் மறுபக்கம்தான் சிக்கல். சித்திரை வெயிலில் பட்டி விரைந்து இறுகிவிடுவதால், அவர்கள் சிறிது சிறிதாகப் பிசைந்து, மீதிப் பட்டையைக் குளிர்பெட்டியில் வைப்பது நல்லது.

ஸ்ப்ரேயைப் பொறுத்தவரை, புட்டியிலிருந்து வெளியேறும் வாயு தன்னைச் சூழ்ந்த காற்றைக் குளிரவைக்க, அங்குள்ள ஈரம் வண்ணத்தோடு சேர்ந்து படிந்துவிடுகிறது. வெண்மை படர்வது இதனால்தான். தை, மாசி மாதங்களில் வெயில் ஏறிய நண்பகலில் அடியுங்கள். அதற்கு முன் புட்டியை இரண்டு நிமிடமாவது நன்றாகக் குலுக்குங்கள். மழைக்காலத்தில் ஸ்ப்ரேயை ஒதுக்கிவிட்டுத் தூரிகையால் பூசும் பிரைமரை மெல்லிய இரண்டு பூச்சாகப் பூசுவதே சரி. பிரைமரை எக்காரணம் கொண்டும் தவிர்த்துவிடாதீர்கள். சாம்பல் பிளாஸ்டிக், பச்சைப் பட்டி, மஞ்சள் பித்தளை என்று நிறம் மாறி நிற்கும் கலவை உருவம், ஒரே நிறத்துக்கு வந்த பின்னரே எங்கே இடைவெளி இருக்கிறது, அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழும் வார்ப்புக்கோடு எங்கே தப்பிவிட்டது என்பது கண்ணுக்குத் தெரியும்.

தோட்டத்துப் பொருட்களைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். சில்வர் ஓக் மரத்தின் உதிர்ந்த பட்டையைக் கையால் பிளந்து அடுக்கினால், எந்தக் கடையிலும் கிடைக்காத பாறைச் சரிவு கிடைக்கும். காப்பிச் செடியைக் கவாத்து செய்யும்போது விழும் குச்சிகளின் நுனிக்கிளைகள் இந்த அளவுக்கு முதிர்ந்த மரங்களாகத் தெரியும். சேர்வராயன் மலையின் செம்மண்ணைச் சலித்து, இரும்புச் சட்டியில் வறுத்து ஆறவைத்து, நீர் கலந்த ஃபெவிக்கால் மேல் தூவுங்கள். பட்டையையும் குச்சியையும்கூட நன்றாக வெயிலில் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பூச்சியும் பூசணமும் வந்துவிடும். மண்ணின் இயல்பான நிறம் அழகாக இருந்தாலும், அதன் மேல் பழுப்பு வண்ணத்தை நீர்க்கப் பூசி, உலர்ந்தபின் வெளிறிய செந்நிறத்தை உலர் தூரிகையால் தொட்டு எடுத்தால்தான் அது உருவத்தோடு இசையும்.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. கத்தி, பசை, பட்டி என்று கேட்கிறான். கொடுக்கலாமா?
— ஒரு தாய், சூரமங்கலம்

பதில்: நீங்கள் அருகில் இருந்தால் கொடுக்கலாம். முதலில் கத்தியைத் தவிர்த்து, வெட்டுக்குறடு, அரம், பிளாஸ்டிக் சிமென்ட் ஆகியவற்றோடு தொடங்கட்டும். தலைகளையும் கைகளையும் மாற்றி ஒட்டும் எளிய கலவைகளுக்கு இவையே போதும். கத்தி வேண்டிய இடத்தில் நீங்களோ அவனுடைய அப்பாவோ வெட்டிக் கொடுங்கள். பின்னாளில் கத்தி கொடுக்கும்போது, மழுங்கிய அலகைக் காட்டிலும் புதிய அலகே பாதுகாப்பானது என்பதைச் சொல்லிக் கொடுங்கள். மழுங்கியதை அழுத்தும்போதுதான் அது வழுக்கி விரலில் பாய்கிறது. சிமென்டின் ஆவி தலைவலி தரும் என்பதால் சன்னல் திறந்திருக்க வேண்டும். இறுகாத எபாக்சி பட்டி சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும்; கையுறை போட்டுப் பிசையட்டும், எச்சில் தொட்டு வழவழப்பாக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். விரல்கள் ஃபெவிக்விக்கில் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல், வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெல்லப் பிரித்தெடுங்கள்.

கேள்வி: பழைய வண்ணத்தை நெயில் பாலிஷ் ரிமூவர் கொண்டு நீக்கலாமா?
— வாசகர், ஓமலூர்

பதில்: கூடாது. அதில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும். அது பாலிஸ்டைரீனையே கரைத்துவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள்.

கேள்வி: திருவிழாக் கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் குதிரை, யானை, பல்லி பொம்மைகளை வெட்டிச் சேர்க்க முடியுமா? நான் ஒட்டியவை எல்லாம் கழன்று விழுகின்றன.
— வாசகர், ஆத்தூர்

பதில்: சேர்க்கலாம், மேலே சொன்ன உடும்புக்குக்கூட அந்தக் கடைப் பல்லி பொம்மையே போதுமானது. ஆனால் பொருளைச் சோதித்துவிட்டு வாங்குங்கள். பொம்மையின் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு பிளாஸ்டிக் சிமென்ட் வைத்துச் சிறிது நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். அந்த இடம் இளகிப் பிசுபிசுத்தால் அது பாலிஸ்டைரீனாகவோ அதற்கு நெருங்கியதாகவோ இருக்கும், சிமென்டாலேயே ஒட்டலாம். ஒன்றும் ஆகாமல், தொட்டால் மெழுகு போல வழுக்கினால் அது பாலிஎத்திலீன் வகை. அதில் எந்தப் பசையும் நிலைக்காது, வண்ணமும் உரியும். அதை விட்டுவிடுவதே நல்லது. வேறு வழியில்லை என்றால் கம்பி செருகி, இணைப்பைச் சுற்றிப் பட்டியால் கட்டிவிட வேண்டும். ரப்பர் போல வளையும் பிவிசி பொம்மைகளை ஃபெவிக்விக்கால் ஒட்டலாம். அவற்றை வெந்நீரில் தோய்த்து வளைத்து, உடனே குளிர்ந்த நீரில் போட்டால் வளைத்த நிலையிலேயே நின்றுவிடும். பாலிஸ்டைரீன் தகட்டுக்காக அலைய வேண்டாம். பழைய சிடி உறையின் கண்ணாடி போன்ற மூடி பெரும்பாலும் அதே பொருள்தான். நொறுங்கும் தன்மை உடையது என்பதால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, கீறி உடைத்துப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: நான் ஆறு மாதம் உழைத்துக் கட்டிய படையை எதிராளி ஏற்க மறுத்தால் என்ன செய்வது? எல்லாவற்றையும் முப்பரிமாண அச்சில் எடுத்துவிடுவது எளிதல்லவா?
— பொறியியல் மாணவர், அம்மாப்பேட்டை

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். திரும்பத் திரும்ப வேண்டிய குடுமித் தலை, அம்பறாத்தூணி போன்றவற்றை அச்சிடுவதில் தவறில்லை. நீங்களே வடிவமைத்ததாக இருந்தால் மிகவும் நல்லது. அந்த ரெசின் பாலிஸ்டைரீன் அல்ல என்பதால் அதற்கு ஃபெவிக்விக் வகைப் பசையே வேண்டும். ஒரு நிறுவனத்தின் உருவத்தை அப்படியே நகலெடுத்து விற்பது மட்டும் உரிமை மீறல். ஆனால் முழுப் படையையும் அச்சில் எடுத்துவிட்டால், இந்த இடுப்பை இன்னும் கொஞ்சம் திருப்பினால் அவன் குறி பார்ப்பது தெரியுமே என்று வெட்டும்போது கிடைக்கும் கண் பயிற்சி உங்களுக்குக் கிடைக்காது. அந்தப் பயிற்சிக்காகவேனும் சில உருவங்களைக் கையால் வெட்டிப் பாருங்கள் என்பது என் வேண்டுகோள்.

எதிராளியின் ஐயத்தில் நியாயம் இருக்கிறது. மேலே சொன்ன கேம்ஸ் ஒர்க்ஷாப்பின் வார்ஹாமர் விளையாட்டுக்கு 1983இல் வெளிவந்த முதல் விதிநூல் எந்த உருவத்தையும் கொண்டு ஆட இடம் கொடுத்தது. இன்று அந்நிறுவனத்தின் சொந்தப் போட்டிகளில் அவர்களுடைய உருவங்களே வேண்டும். நண்பர்களுக்குள் ஆடும்போது அந்தக் கட்டுப்பாடு இல்லை என்றாலும், உங்கள் வீரன் கையில் இருப்பது வில்லா, வேலா என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும். உருவத்தின் உயரமும் மூல உருவத்துக்கு நெருங்கி இருக்க வேண்டும். யார் யாரைப் பார்க்க முடியும் என்பதைப் பல ஆட்டங்கள் அதைக் கொண்டே தீர்மானிக்கின்றன. பீடத்தின் அளவில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அதே நிறுவனத்தின் விளையாட்டுகளில், 2015இல் வந்த ஏஜ் ஆஃப் சிக்மார் வட்டப் பீடத்துக்கு மாறியது; 2024இல் வந்த தி ஓல்டு வேர்ல்டு மீண்டும் சதுரப் பீடத்தில் வரிசை கட்டி ஆடப்படுகிறது. எதில் ஆடப்போகிறீர்கள் என்று உறுதியாகத் தெரியாவிட்டால், உருவத்தைச் சிறிய வட்டத் தகட்டில் நிறுத்தி, பீடத்தின் அடியில் காந்தம் பதித்து, சதுரத் தட்டில் வைக்கவும் எடுக்கவும் வசதி செய்துகொள்ளுங்கள். முதல் நான்கைந்து உருவங்கள் முடிந்தவுடனேயே அவற்றை எதிராளியிடம் காட்டி, எது எந்தப் படைப்பிரிவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால், ஆறு மாதம் கழித்து மறுப்பு வர வாய்ப்பே இல்லை.